காட்டாங்கொளத்தூரின் ஆகாயச் சொத்து

செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஆகாயத்தில் கொஞ்சம் சொத்து இருக்கிறது. பட்டா, சிட்டா, அடங்கல் எதுவும் கிடையாது. மொத்த எடை 10.9 கிலோ. உங்கள் வீட்டு சிலிண்டருக்குள் இருக்கிற காஸ்கூட 14.2 கிலோ. அதைவிடக் குறைச்சல். தரையிலிருந்து 860 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின்னான உயரத்தில், மணிக்கு 26,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், 2011-லிருந்து அது பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 102 நிமிஷம். ஒரு நாளைக்கு 14 சுற்று. நீங்கள் இந்தக் கட்டுரையைப் படித்து முடிப்பதற்குள் சில ஆயிரம் கிலோமீட்டர் போயிருக்கும்.

பேர், எஸ்.ஆர்.எம்.சாட். காட்டாங்கொளத்தூரில் இருக்கிற எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து, இஸ்ரோவின் வழிகாட்டுதலோடு செய்த குட்டி செயற்கைக்கோள். காற்று மண்டலத்தில் இருக்கிற கரியமில வாயுவையும் நீராவியையும் மேலேயிருந்து அளந்து சொல்லவேண்டும் என்பது அதற்கு இடப்பட்ட வேலை. 2011 அக்டோபர் 12-ம் தேதி காலை 11 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-18 ராக்கெட் அதைக் கொண்டுபோய் விட்டது.

அப்போது அது காஞ்சிபுரம் மாவட்டத்துப் பிள்ளை. 2019 நவம்பரில் மாவட்டத்தைப் பிரித்தார்கள். காட்டாங்கொளத்தூர், செங்கல்பட்டுக்கு வந்துவிட்டது. விலாசம் மாறிய சேதி மேலே இருக்கிறவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அது ஏறிய கதை அன்றைக்கே எல்லாப் பேப்பரிலும் வந்துவிட்டது. நாம் பார்க்கப்போவது அதுவல்ல. இறங்குகிற கதை. ஒரு செயற்கைக்கோளை ஏற்றுவதற்குக் கவுன்ட் டவுன் உண்டு, கைதட்டல் உண்டு, பிரதமரின் வாழ்த்து உண்டு. அதற்கு வயதான பிறகு, அது எங்கே போகிறது, யார் மீதாவது இடிக்குமா, எப்போது விழும் என்று தினம் தினம் கணக்குப் பார்க்கிற வேலைக்கு எந்தக் கைதட்டலும் கிடையாது. ஆனால், விஷயமே அங்கேதான் இருக்கிறது.

* * *

முதலில், காட்டாங்கொளத்தூருக்கு மூத்த பிள்ளையைப் பார்த்துவிடுவோம். அது குரோம்பேட்டையில் பிறந்தது.

குரோம்பேட்டை எம்.ஐ.டி. என்றால் உங்களுக்கு உடனே அப்துல் கலாம் ஞாபகத்துக்கு வருவார். வாசகர்களுக்கு இன்னொருவரும் வருவார், எழுத்தாளர் சுஜாதா. இரண்டு பேரும் படித்த இடம். அண்ணா பல்கலைக்கழகத்தின் அந்த வளாகத்தில் உருவானதுதான் அனுசாட். ஓர் இந்தியப் பல்கலைக்கழகம் செய்த முதல் செயற்கைக்கோள். எடை 40 கிலோ. ஒரு ஊர் மேலே போகும்போது செய்தியை வாங்கி வைத்துக்கொண்டு, இன்னொரு ஊர் மேலே போகும்போது கொடுத்துவிடுகிற தபால்காரர் வேலை அதற்கு. 2009 ஏப்ரல் 20-ம் தேதி பி.எஸ்.எல்.வி. சி-12-ல், ரிசாட்-2 என்ற ரேடார் செயற்கைக்கோளோடு சேர்ந்து போனது.

அனுசாட் சுற்றிய உயரம் 400-க்கும் 550 கிலோமீட்டருக்கும் இடைப்பட்டது. இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அத்தனை உயரத்தில் காற்று கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். முழுக்கச் சரியில்லை. துளியூண்டு இருக்கிறது. நாம் சுவாசிக்கப் போதாது. ஆனால், மணிக்கு 27,000 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஒரு பொருளை லேசாகத் தடவிக்கொடுக்க அது போதும். தடவத் தடவ வேகம் குறையும். குறையக் குறையக் கொஞ்சம் கீழே இறங்கும். கீழே இறங்கினால் காற்று இன்னும் கொஞ்சம் அதிகம். தடவல், உரசலாகும். உரசல், நெருப்பாகும். அவ்வளவுதான்.

அனுசாட்டுக்கு அதுதான் நடந்தது. 2012 ஏப்ரல் 18-ம் தேதி காற்று மண்டலத்துக்குள் வந்து முடிந்துபோனது. மூன்று வயது முடிய இன்னும் இரண்டே நாள் பாக்கி. யாரும் அதை இழுத்து இறக்கவில்லை. காற்றே பார்த்துக்கொண்டது.

காட்டாங்கொளத்தூர் பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது. 860 கிலோமீட்டரில் காற்றின் தடவல் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்குத்தான் இருக்கும். அத்தனை உயரத்துக்கு அது ஏன் போனது? அதுவாக ஆசைப்பட்டுப் போகவில்லை. அன்றைக்கு ராக்கெட்டில் முக்கியப் பயணி வேறொருவர். ஆயிரம் கிலோ எடையுள்ள மேகா ட்ராபிக்ஸ். இந்தியாவும் பிரான்ஸும் சேர்ந்து, வெப்ப மண்டல நாடுகளின் மேகத்தையும் மழையையும் படிப்பதற்காகச் செய்தது. பூமத்திய ரேகைக்கு 20 டிகிரி சாய்வில், 867 கிலோமீட்டர் உயரம் என்பது அதற்காகத் தேர்ந்தெடுத்த பாதை. கூடவே தொற்றிக்கொண்டவர்கள் மூன்று பேர். கான்பூர் ஐ.ஐ.டி. மாணவர்களின் மூன்று கிலோ ஜுக்னு, கடலில் போகிற கப்பல்களைக் கவனிக்க லக்ஸம்பர்க் கம்பெனி அனுப்பிய வெஸல்சாட், அப்புறம் நம்முடைய எஸ்.ஆர்.எம்.சாட்.

ஷேர் ஆட்டோவில் ஏறினால் அது போகிற ரூட்டில்தான் நாமும் போயாக வேண்டும். பெரியவர் எங்கே இறங்குகிறாரோ அங்கேயேதான் சின்னவர்களும் இறங்கினார்கள். ஒரு சின்ன செயற்கைக்கோளின் ஆயுளை அதைச் செய்தவர்கள் தீர்மானிப்பதில்லை. பக்கத்து சீட்டுக்காரர் தீர்மானிக்கிறார்.

* * *

சரி, கண்ணுக்குத் தெரியாத இந்தப் பொருளை எப்படிப் பின்தொடர்கிறார்கள்?

காட்டாங்கொளத்தூர் ரயில்வே ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் ட்ரெயினுக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நிற்காத எக்ஸ்பிரஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே வருகிறது. நெருங்கும்போது கீச்சென்று கேட்கிற ஒலி, உங்களைத் தாண்டிய அடுத்த விநாடி தொண்டை கட்டிக்கொண்ட மாதிரி இறங்கிவிடும். ஹார்ன் மாறவில்லை. ரயிலின் வேகம் ஒலியை முதலில் நெருக்கி, அப்புறம் நீட்டிவிடுகிறது. டாப்ளர் விளைவு என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும், ஒலி மாறுகிற வேகத்தை வைத்தே ரயிலின் வேகத்தையும், அது எந்தக் கணத்தில் உங்களைத் தாண்டியது என்பதையும் சொல்லிவிடலாம்.

1957 அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏற்றியபோது, அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பரிசோதனைக்கூடத்தில் வில்லியம் கையர், ஜார்ஜ் வீஃபன்பாக் என்ற இரண்டு இளைஞர்கள் செய்தது இதைத்தான். ஸ்புட்னிக்கின் 'பீப் பீப்' ஏறி இறங்குவதைப் பதிவு செய்து, உட்கார்ந்த இடத்திலிருந்து அதன் பாதையைக் கணக்கிட்டுவிட்டார்கள். பிறகு அதே கணக்கைத் திருப்பிப் போட்டு, செயற்கைக்கோளின் இடம் தெரிந்தால் நாம் நிற்கிற இடத்தைக் கண்டுபிடிக்கலாமே என்ற யோசனை பிறந்தது. இன்றைக்கு உங்கள் செல்போனில் வழி சொல்கிற ஜி.பி.எஸ்., அந்த யோசனையின் பேரன்.

நாமும் அப்போதே வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டோம். ஸ்புட்னிக் காலத்திலேயே நைனிடாலில் பேக்கர்-நன் என்ற பெரிய கேமராவை வைத்து, நட்சத்திரங்களின் பின்னணியில் ஓடுகிற செயற்கைக்கோள்களைப் படமெடுத்தார்கள். உலகம் பூராவும் இருந்த பன்னிரண்டு நிலையங்களில் அது ஒன்று. தமிழ்நாட்டில், வாணியம்பாடிக்குப் பக்கத்தில் ஜவ்வாது மலையில் இருக்கிற காவலூர், தொலைநோக்கிக்குப் பேர் போன ஊர். அங்கேயே 1970-களில் இஸ்ரோ, சோவியத் யூனியனோடு சேர்ந்து செயற்கைக்கோள்களைக் கேமராவால் பின்தொடர்கிற நிலையம் ஒன்றை நடத்தியது.

இப்போது கேமரா மட்டும் போதாது. ரேடார்தான் முக்கியம். ஸ்ரீஹரிகோட்டாவில் ஒரே சமயத்தில் பத்துப் பொருள்களைத் துரத்தக்கூடிய ரேடார் ஒன்று இருக்கிறது. அமெரிக்க ராணுவம் உலகத்தின் பல மூலைகளில் ரேடார் வைத்து, பூமியைச் சுற்றுகிற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நம்பர் கொடுத்துப் பட்டியல் வைத்திருக்கிறது. நம் நான்கு பயணிகளும் அதில் 2011-058 என்ற குடும்பம். அந்த வருஷத்தில் உலகம் செய்த 58-வது ஏவுதல் என்று அர்த்தம்.

ஒவ்வொரு பொருளின் ஜாதகத்தையும் இரண்டே வரியில் எழுதிவிடுகிறார்கள். ஒரு வரிக்கு 69 இலக்கங்கள். பாதையின் சாய்வு, உயரம், நாளைக்கு எத்தனை சுற்று, எவ்வளவு வேகமாக இறங்கிக்கொண்டிருக்கிறது எல்லாம் அதற்குள் இருக்கும். இந்த இரண்டு வரி உங்களிடம் இருந்தால், எஸ்.ஆர்.எம்.சாட் இன்றைக்கு எத்தனை மணிக்குத் தெற்கு ரயில்வேயின் அந்தச் சின்ன ஸ்டேஷனுக்கு மேலே வரும் என்று உங்கள் கம்ப்யூட்டரே சொல்லிவிடும். 20 டிகிரி சாய்வுப் பாதை என்பதால் அது டெல்லிக்கு நேர் மேலே ஒருநாளும் போகாது. நம் பக்கம் ஒரு நாளைக்குப் பல தடவை எட்டிப் பார்க்கும்.

ஆனால் ஒன்று. ஜோசியர் எழுதிய ஜாதகம் மாதிரி, ஒருமுறை எழுதி பீரோவில் வைத்துவிட முடியாது. சில வாரம் கழித்துப் பார்த்தால் கணக்கு ஒரு இடத்தில் இருக்கும், செயற்கைக்கோள் இன்னொரு இடத்தில் இருக்கும். காரணம், சூரியன். சூரியனுக்கு ஏறக்குறைய 11 வருஷத்துக்கு ஒருமுறை உக்கிரம் ஏறும். அப்போது பூமியின் மேல் காற்று சூடாகி, தோசைக்கல்லில் பூரி உப்புகிற மாதிரி இல்லாவிட்டாலும், கொஞ்சம் உப்பும். மேலே சுற்றுகிறவற்றின் மீது உரசல் கூடும். எவ்வளவு கூடும் என்று முன்கூட்டியே கச்சிதமாகச் சொல்ல இன்னும் யாராலும் முடியவில்லை. ஆகவே, திரும்பத் திரும்ப அளந்துகொண்டே இருக்க வேண்டும். செயற்கைக்கோள் பேசுவதை நிறுத்தினாலும் சுற்றுவதை நிறுத்தாது அல்லவா?

* * *

இந்தக் கணக்கு பிசகினால் என்ன ஆகும் என்பதை உலகம் 1979-ல் பார்த்தது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் 'ஸ்கைலாப்' என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

ஸ்கைலாப், நாசாவின் விண்வெளி நிலையம். 77 டன். 1973 மே மாதம் போனது. கடைசிக் குழு 1974 பிப்ரவரியில் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டது. 1980-கள் வரை தாங்கும், அதற்குள் புது விண்வெளி ஓடத்தை அனுப்பி மேலே தள்ளிவிடலாம் என்பது நாசாவின் திட்டம். சூரியன் ஒத்துழைக்கவில்லை. எதிர்பார்த்ததைவிட உக்கிரமாக இருந்தது. ஓடம் தயாராவதற்குள் நிலையம் இறங்க ஆரம்பித்துவிட்டது. எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. விழக்கூடிய பட்டையில் இந்தியாவும் இருந்தது. உலகமே அழியப்போகிறது என்று ஊர் ஊராக வதந்தி. சாகப்போகிறோம், சாப்பிட்டாவது சாவோம் என்று வளர்த்த ஆட்டையும் கோழியையும் அடித்துத் தின்றவர்கள் உண்டு.

1979 ஜூலை 11-ம் தேதி அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலுமாகச் சிதறியது. ஒருவருக்கும் காயமில்லை. எஸ்பெரன்ஸ் என்ற ஊரின் நகராட்சி, குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் போட்டது. முப்பது வருஷம் கழித்து, 2009-ல் ஓர் அமெரிக்க வானொலிக்காரர் நேயர்களிடம் வசூல் செய்து அந்த அபராதத்தைக் கட்டினார்.

தலையில் விழுகிற பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. அதுவும் 2009-ல்தான் நிஜமானது. பிப்ரவரி 10-ம் தேதி. சைபீரியாவுக்கு மேலே, 790 கிலோமீட்டர் உயரத்தில், காஸ்மாஸ்-2251 என்ற ரஷ்ய செயற்கைக்கோளும் இரிடியம்-33 என்ற அமெரிக்க செயற்கைக்கோளும் மோதிக்கொண்டன. விநாடிக்குப் பதினொரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில். இரிடியம், உயிரோடு வேலை செய்துகொண்டிருந்தது. காஸ்மாஸ், எப்போதோ செத்துப்போனது. பல வருஷமாகச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. ரேடாருக்குத் தெரிகிற அளவில் மட்டும் 2,000 துண்டுகளுக்கு மேல் பிறந்தன. இரண்டு முழு செயற்கைக்கோள்கள் இப்படி மோதிக்கொண்டது சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

குரோம்பேட்டை அனுசாட் மேலே போனது அதற்குப் பத்து வாரம் கழித்து. காட்டாங்கொளத்தூர் பெட்டி போனது இரண்டரை வருஷம் கழித்து, விபத்து நடந்த மாடிக்குச் சற்றே மேல்மாடிக்கு.

இப்போது புரிகிறதா? 10.9 கிலோதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. அந்த வேகத்தில் ஒரு நட்டு, போல்ட்டே துப்பாக்கிக் குண்டைவிட மோசம். இன்றைக்கு ரேடார் பட்டியலில் 30,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. அதில் வேலை செய்கிற செயற்கைக்கோள்கள் எதிரே ஏதாவது வந்தால் ஒதுங்கிக்கொள்ளும். வேலை செய்யாதவை ஒதுங்காது. எஸ்.ஆர்.எம்.சாட்டில் ஒதுங்குவதற்கான எரிபொருளோ எந்திரமோ கிடையாது. மற்றவர்கள்தான் அதற்கு வழி விட வேண்டும். வழி விட வேண்டுமானால், அது எங்கே இருக்கிறதென்று யாராவது எப்போதும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

* * *

கூடப் போன பெரியவர் என்ன ஆனார்?

மேகா ட்ராபிக்ஸுக்கு முதலில் எழுதிய ஆயுள் மூன்று வருஷம். மனிதர் பத்து வருஷம் உழைத்தார். 2021 வரை மழை, மேகக் கணக்கு வந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் அதை அப்படியே விட்டுவிட்டிருக்கலாம். விட்டிருந்தால் தானாக இறங்குவதற்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்று இஸ்ரோவே கணக்குச் சொன்னது. வயிற்றில் 120 கிலோவுக்கு மேல் எரிபொருள் மிச்சம் வேறு.

இஸ்ரோ ஒரு முடிவெடுத்தது. அந்த மிச்ச எரிபொருளை வைத்தே கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்துவிடலாம். சொல்வது சுலபம். இப்படி இறக்குவோம் என்று நினைத்து அதைச் செய்யவில்லை. பழைய எந்திரம், பழைய பாகங்கள். பூமிக்கு அருகே வரவர காற்று அதைப் புரட்டிப்போடப் பார்க்கும். 2022 ஆகஸ்டிலிருந்து ஏறக்குறைய இருபது தடவை எந்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இயக்கிப் பாதையைத் தாழ்த்தினார்கள். 2023 மார்ச் 7-ம் தேதி மாலை கடைசி இரண்டு உந்தல்கள். பசிபிக் பெருங்கடலில் ஆளில்லாத இடமாகப் பார்த்து, அதற்கு மேலே எரிந்து முடிந்தது.

ஒரே ராக்கெட்டில் போனவர்கள். ஒருவருக்கு முறைப்படி காரியம் நடந்துவிட்டது. இன்னொருவர் இன்னும் சுற்றுகிறார். நூறு வருஷக் கணக்கு ஏறக்குறைய அவருக்கும் பொருந்தும். அதே உயரம், அதே பாதை.

அனுசாட்டின் பக்கத்து சீட்டுக்காரரான ரிசாட்-2 கதையும் சுவாரஸ்யமானது. நாலு வருஷம் என்று சொல்லி அனுப்பிய ஆள் பதின்மூன்றரை வருஷம் இருந்தது. 2022 அக்டோபர் 30-ம் தேதி இந்தோனேஷியாவின் ஜகார்த்தாவுக்குப் பக்கத்தில் இந்தியப் பெருங்கடலில் விழுந்தது. 2007-ல் போன கார்ட்டோசாட்-2-க்கு இன்னும் முப்பது வருஷம் மேலேயே கிடக்கிற வாய்ப்பு இருந்தது. அதையும் எரிபொருள் இருக்கும்போதே தாழ்த்திவிட்டார்கள். 2024 பிப்ரவரி 14-ம் தேதி இந்தியப் பெருங்கடலுக்கு மேலே வந்து சேர்ந்தது.

* * *

பழசானால் இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்துவிடாதீர்கள். வயதான செயற்கைக்கோள் என்றால் குப்பை என்று அர்த்தமில்லை. இதற்கு சாட்சி சொல்லக் காட்டாங்கொளத்தூரிலிருந்து கிழக்கே, கடற்கரைக்குப் போக வேண்டும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியது. பல நூற்றாண்டுகளாகத் தண்ணீருக்குள் இருந்த பாறைகள் சில நிமிஷம் வெளியே தெரிந்ததைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அப்புறம் அலை வந்தது. மணலை அரித்துக்கொண்டு போனதில் பக்கத்து சாளுவன்குப்பத்தில் கல்வெட்டுள்ள பாறை வெளிப்பட்டு, அதைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறை 2005-ல் ஒரு பழைய முருகன் கோயிலையே தோண்டி எடுத்தது. அந்தக் கதையெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாத கதை மேலே நடந்தது.

சுமத்ராவில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29-க்கு. சுமார் இரண்டு மணி நேரம் கழித்து, அலை தமிழகக் கரையைத் தொடுகிற அதே சமயத்தில், 1,336 கிலோமீட்டர் உயரத்தில் இரண்டு செயற்கைக்கோள்கள் தற்செயலாக வங்காள விரிகுடாவைக் கடந்துகொண்டிருந்தன. ஒன்று ஜேசன்-1. இன்னொன்று டோபெக்ஸ்-போஸைடன். அமெரிக்காவும் பிரான்ஸும் சேர்ந்து 1992 ஆகஸ்டில் அனுப்பியது. கடல் மட்டத்தை ரேடாரால் அளப்பது அதன் வேலை. மூன்று வருஷம் உழைத்தால் போதும் என்று அனுப்பப்பட்ட அந்தக் கிழம் அப்போது பன்னிரண்டு வயதைத் தாண்டியிருந்தது.

நடுக்கடலில் சுனாமி எப்படி இருக்கும்? ஆளுயரம் எல்லாம் இல்லை. அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆனால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்த மேடு. கப்பலில் இருப்பவனுக்குத் தெரியவே தெரியாது. இந்த இரண்டு செயற்கைக்கோள்களும் அதை அளந்துவிட்டன. இத்தனை பெரிய சுனாமி திறந்த கடலில் எப்படி நடக்கிறது என்பதற்கு அவ்வளவு தெளிவான அளவு அதற்கு முன்னால் கிடைத்ததில்லை. பிற்பாடு சுனாமிக் கணக்குகளைச் சரிபார்க்க விஞ்ஞானிகள் அந்த அளவைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த அளவு தரைக்கு வந்து, பிரித்துப் படிப்பதற்குள் நாகப்பட்டினத்திலிருந்து சென்னை வரை எல்லாம் முடிந்துபோயிருந்தது. மேலே ஒரு கண் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே சொல்ல ஆளில்லை. அதற்கென்று ஒரு ஏற்பாடே அப்போது இந்தியப் பெருங்கடலில் இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007-ல்.

டோபெக்ஸ் 2006 ஜனவரியில் ஓய்வு பெற்றது. அது இருக்கிற உயரத்துக்குப் பல நூற்றாண்டுகள் கீழே வராது. மாமல்லபுரத்தின் அலையைப் பார்த்த அந்தக் கண், குருடாகி, இன்னும் மேலே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

* * *

மற்ற நாடுகளின் குப்பையைப் பற்றிப் பேசும்போது நம்முடையதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். 2001 டிசம்பரில், வேலை முடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டிருந்த பி.எஸ்.எல்.வி. சி-3-ன் கடைசி அடுக்கு வெடித்து, 300-க்கும் மேற்பட்ட துண்டுகளானது. அதற்குப் பிறகு, வேலை முடிந்த அடுக்கில் மிஞ்சுகிற எரிபொருளை வெளியேற்றி வெடிக்காமல் செய்வதை இஸ்ரோ வழக்கமாக்கிக்கொண்டது. 2019 மார்ச் 27-ல் நம் ஏவுகணையால் நம் செயற்கைக்கோளையே அடித்துப் பார்த்தோம். உயரம் குறைவு என்பதால் பட்டியலில் இருந்த துண்டுகள் 2022-க்குள் எரிந்து முடிந்தன. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரையில் ஆளுயர உலோக உருளை ஒன்று ஒதுங்கியது. அது பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாவது அடுக்காகத்தான் இருக்கவேண்டும் என்று ஆஸ்திரேலிய விண்வெளி அமைப்பு சொன்னது. ஸ்கைலாப் விழுந்த அதே மேற்கு ஆஸ்திரேலியா. 1979-ல் அடுத்தவர் பொருளைப் பார்த்து நாம் மிரண்டோம். 2023-ல் நம் பொருள் அடுத்தவர் வாசலில் கிடந்தது. நாற்பத்து நாலு வருஷத்தில் நாம் அடைந்த வளர்ச்சிக்கு இதுவும் ஒரு அடையாளம்தான்.

வளர்ந்தால் பொறுப்பும் வரும். ஏற்றிய நாடுதான் சேதத்துக்குப் பொறுப்பு என்று 1972-லிருந்தே சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது. 1978-ல் அணு உலையோடு சோவியத்தின் காஸ்மாஸ்-954 கனடாவில் விழுந்தபோது, அந்த ஒப்பந்தத்தைக் காட்டித்தான் கனடா நஷ்ட ஈடு கேட்டது. மூன்று மில்லியன் கனடா டாலர் வாங்கியது. 2022 ஜூலை 11-ம் தேதி, அதாவது ஸ்கைலாப் விழுந்த அதே தேதியில், வானத்துப் போக்குவரத்தைக் கவனிப்பதற்கென்றே இஸ்ரோவின் தனி மையம் பெங்களூரில் திறக்கப்பட்டது. 2030-க்குள் இந்தியாவின் எல்லா விண்வெளிப் பயணங்களும், அரசாங்கத்துடையதோ தனியாருடையதோ, குப்பை மிச்சம் வைக்காதவையாக இருக்கும் என்று 2024 ஏப்ரலில் இஸ்ரோவின் அன்றைய தலைவர் சோமநாத் அறிவித்தார்.

நல்ல அறிவிப்பு. ஆனால், அது இனிமேல் போகிறவர்களுக்கு. ஏற்கெனவே மேலே இருப்பவர்களுக்கு? குரோம்பேட்டை, காட்டாங்கொளத்தூர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடம் எளிமையானது. மாணவர்கள் செய்கிற, எந்திரம் இல்லாத சின்னப் பெட்டிகளைத் தாழ்வான பாதையில் விட்டால், காற்றே சில வருஷத்தில் கணக்கை முடித்துவிடும். உயரே விட்டால், ஒரு நூற்றாண்டுக்கு யாராவது கணக்கு எழுத வேண்டும். ராக்கெட்டில் சும்மா ஒரு இடம் கிடைக்கிறதே என்று ஏறுவதற்கு முன்னால், அது எந்த ஊர் வண்டி என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்காகக் காட்டாங்கொளத்தூர் மாணவர்களைக் குறை சொல்ல முடியாது. இருபது வயதில் ஒரு செயற்கைக்கோளைக் கையால் செய்து வானத்துக்கு அனுப்புவது எத்தனை பேருக்கு வாய்க்கும்? அவர்கள் இன்றைக்கு முப்பதைத் தாண்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஆபீஸ் போய்க்கொண்டிருப்பார்கள். அவர்கள் செய்த பெட்டி வருஷத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது கீழே வந்து எரிகிற ராத்திரியை அவர்கள் பார்க்கப்போவதில்லை. அவர்களுடைய பேரப் பிள்ளைகள் பார்க்கலாம். கொள்ளுப் பேரப் பிள்ளைகளாகவும் இருக்கலாம். அதுவரைக்கும் அந்த இரண்டு வரிக் கணக்கை யாராவது ஒருவர் எழுதி, அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.